பழைய சிஎன்சி மில்லிங்குக்கு புது கண்ட்ரோல்: மோட்டாரை வச்சுக்கவா, எல்லாத்தையும் கழட்டவா?

காக்கிபுக்கிட்மில்:

வணக்கம் எல்லாருக்கும். இவ்வளவு நாளா படிச்சிட்டு சத்தமில்லாம போயிடுவேன், இப்ப வசமா மாட்டிக்கிட்டேன் அதான் எழுதுறேன். நாங்க சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல சின்ன ஜாப் ஷாப், ஆர்டருக்கு பார்ட் செஞ்சு கொடுக்கிறது, தௌக்கேயோட (முதலாளிதான்) சேர்த்து நாலே பேர். ஒரு மூணு ஆக்சிஸ் வெர்டிகல் மில்லிங் இருக்கு, தைவான் பாடி, பிளேட்ல 1988ன்னு குத்தியிருக்கு, நான் வேலைக்கு சேர்றதுக்கு முன்னாடியே அது கிழவி. ஆனா என்ன சொல்லுங்க, அந்த இரும்பு மாதிரி இப்ப வராது, 20 மிமீ எண்ட்மில் போட்டு ஸ்டீலை தின்னும்போது கூட மேல வச்ச கோப்பி கப் ஆடாது.

போன மாசத்துல இருந்து கண்ட்ரோல், அதாவது மெஷினை ஓட்டுற கம்ப்யூட்டர் பெட்டி, மக்கர் பண்ணுது. காலையில போட்டா ஸ்கிரீன் வராது, ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வரும், வந்தா ஏதாவது ஒரு அலாரம். போன வாரம் மொத்தமா பாராமீட்டர் (மெஷினோட செட்டிங் நம்பர்) எல்லாம் அழிஞ்சு சைபர் சைபரா நிக்குது. சர்வீஸுக்கு வந்த ஆளு போர்டு கிடைக்காது, புது கண்ட்ரோல், புது மோட்டார், அந்த மோட்டாருக்கு கரண்ட் கொடுக்கிற புது டிரைவ் எல்லாம் சேர்த்து மாத்தணும்னு ஒரு கொட்டேஷன் கொடுத்தாரு, முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல. தௌக்கே அந்த பேப்பரை பார்த்துட்டு கரங்குனிக்கு (பழைய இரும்புக்காரனுக்கு) போன் போடுன்னு சொல்லிட்டாரு லா. நான் ஒரு மாசம் டைம் கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

விவரம்: மூணு ஆக்சிஸும் டிசி சர்வோ மோட்டார், பிரஷ் வச்சது, பின்னாடி டாக்கோவும் (வேகத்தை அளக்கிறது) என்கோடரும் (எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணுறது) ஒண்ணா இருக்கு. பால் ஸ்க்ரூ 10 மிமீ பிட்ச், மோட்டார் நேரா கப்ளிங்ல. டூலை சுத்துற ஸ்பிண்டில் ஏற்கனவே ஒரு இன்வெர்ட்டருக்கு (மோட்டார் வேகத்தை மாத்துற பெட்டி) மாத்தியாச்சு. மெஷின் 220 வோல்ட் த்ரீ ஃபேஸ், பக்கத்துல ஒரு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிட்டு நிக்கும். டூல் சேஞ்சர் கிடையாது, கையாலதான்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்லயே மெஷினை ஓட்டுற லினக்ஸ்சிஎன்சி சாஃப்ட்வேர் நல்லாருக்கும்னு ஒருத்தர் சொல்றாரு, சைனா கண்ட்ரோலர் வாங்கி போடு ரெண்டு நாள்ல ஓடும்னு இன்னொருத்தர். எனக்கு பேனல் வயரிங் வரும், பிஎல்சி கொஞ்சம் தெரியும், லினக்ஸ் சுத்தமா தெரியாது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பழையஇரும்பு:

தம்பி, முதல்ல ஒண்ணும் வாங்காதே. முப்பது வருஷம் மெயின்டெனன்ஸ்ல இருந்துட்டு ரிட்டயர் ஆனவன் சொல்றேன், கண்ட்ரோல் செத்துச்சுன்னு சொல்ற மெஷின்ல பாதி பவர் சப்ளையில்தான் செத்திருக்கும். காலையில வராது, ரெண்டு தடவை போட்டா வரும்னு நீயே எழுதியிருக்கே பாரு, அது காஞ்சு போன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரோட வேலை, சூடேறுனா கொஞ்சம் உயிர் வரும். மீட்டரை வச்சு 5 வோல்ட் லைனை பாரு, 4.75க்கு கீழ போனா அந்த காலத்து லாஜிக் சிப்பெல்லாம் பேய் புடிச்ச மாதிரி ஆடும். அப்புறம் அதே இடத்துல மீட்டரை ஏசியில வச்சு பாரு, நல்ல சப்ளைன்னா கிட்டத்தட்ட ஒண்ணும் காட்டக்கூடாது. கப்பாசிட்டர் வாங்க சிம் லிம் டவர் போனா போதும், 105 டிகிரி போட்டதை கேளு, 85 வேணாம்.

பாராமீட்டர் போனது வேற கதை, அது பேட்டரி. அந்த காலத்து கண்ட்ரோல்ல பாராமீட்டர் எல்லாம் ராம்ல இருக்கும், பேட்டரிதான் அதை பிடிச்சு வச்சிருக்கும், மெஷின் ஆன்ல இருக்கும்போதுதான் பேட்டரி மாத்தணும், ஆஃப்ல கழட்டுனா எல்லாம் போச்சு. பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல பாராமீட்டர் பேப்பர் சொருகியிருக்கும், மஞ்சளா போயிருக்கும், தேடு. கிடைச்சா உடனே போட்டோ எடுத்துக்கோ. புது கண்ட்ரோல் போட்டாலும் அதுல இருக்கிற நம்பர் உதவும்.

அடுத்தது இரும்பு. எலக்ட்ரானிக்ஸ்ல காசு போடுறதுக்கு முன்னாடி டயல் கேஜை ஒட்டி வச்சு மூணு ஆக்சிஸுக்கும் பேக்லாஷ் எடு, அதாவது திசை மாறும்போது எத்தனை மிமீ லூஸ் இருக்குன்னு. 0.02, 0.03ன்னா கும்பிட்டுட்டு வேலையை பாரு. 0.1க்கு மேல வந்தா ஸ்க்ரூ போச்சுன்னு பயந்துடாதே, முக்கால்வாசி நேரம் ஸ்க்ரூ முனையில இருக்கிற த்ரஸ்ட் பேரிங்கோட லாக்நட் லூசா இருக்கும். ஸ்க்ரூ முனை சென்டர்ல ஒரு ஸ்டீல் பாலை கிரீஸ் தடவி ஒட்டி அதுல டயலை வை, டேபிளை கையால தள்ளி இழு. பால் நகர்ந்தா பேரிங். பால் நகராம டேபிள் மட்டும் நகர்ந்தா பால் ஸ்க்ரூவோட நட்.

அப்படியே லூப்ரிகேஷன் லைனையும் கழட்டி பாரு, ஒவ்வொரு பாயிண்ட்லயும் எண்ணெய் சொட்டுதான்னு. இங்க இருக்கிற ஈரத்துல பழைய எண்ணெய் பிசின் மாதிரி கட்டிக்கும். ஒரு ஆளு புது கண்ட்ரோல் எல்லாம் போட்டு முடிச்சு ஒய் ஆக்சிஸ் ஓவர்லோடுன்னு ரெண்டு வாரம் டியூனிங் பண்ணிட்டே இருந்தான், கடைசியில பார்த்தா ஒரு மீட்டரிங் வால்வு அடைச்சிருந்துச்சு.

ஸ்டெப்புல்ஸ்:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி ஆனா நான் வேற கட்சி. 1988 மோட்டாரை வச்சு என்ன பண்ண போறீங்க, டிரைவ் நாளைக்கு புகைஞ்சா ஸ்பேர் எங்க? ஏசி சர்வோ கிட் மூணு வாங்குங்க, ஸ்டெப் டைரக்ஷன் சிக்னல்ல (ஒரு பல்ஸுக்கு ஒரு அடி) ஓடுறது, ஒரு ஸ்டாண்ட்அலோன் கண்ட்ரோலர் வாங்குங்க, வயரிங் தெரியும்னு சொல்றீங்க அப்புறம் என்ன. நான் ஒரு சின்ன நீ மில்லுக்கு (டேபிளே மேல கீழ ஏறி இறங்குற மில்லிங்) அப்படித்தான் போட்டேன், ஒரு லீவு வாரத்துல முடிஞ்சுது, மூணு வருஷமா ஓடுது. லினக்ஸ் கத்துக்கிட்டு, ஃபைல் எடிட் பண்ணி, ராத்திரி ரெண்டு மணிக்கு எரர் மெசேஜை வெறிச்சு பார்க்கிறதெல்லாம் வேலைக்கு போற ஆளுக்கு ஆகாது பாஸ்.

ஹால்ஸ்கோப்:

ஸ்டெப்புல்ஸ் ப்ரோ, சின்ன நீ மில்லுக்கு சரி, இவர் மெஷினுக்கு கணக்கு இடிக்குது. கிட்ல வர்ற 750 வாட் ஏசி சர்வோ 3000 ஆர்பிஎம்ல சுமார் 2.4 நியூட்டன் மீட்டர்தான் தொடர்ந்து தரும். அந்த காலத்து டிசி மோட்டாரெல்லாம் வேகம் கம்மி முறுக்கு ஜாஸ்தின்னு செஞ்சது, நேரா கப்ளிங் போட்ட மெஷின்ல 10 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கிறது சாதாரணம். அதுக்கு சமமா வேணும்னா ஒண்ணரை கிலோவாட், 130 ஃபிரேம் மோட்டார் வாங்கணும், இல்ல சின்ன மோட்டார் போட்டு பெல்ட்ல குறைக்கணும். ரெண்டுக்குமே புது மவுண்டிங் பிளேட், புது கப்ளிங் எல்லாம் மில்லிங்ல அடிக்கணும், ஆனா அந்த மில்லிங்கைத்தான் நீங்க கழட்டி வச்சிருக்கீங்க :) டிரைவுக்கு ஸ்பேர் கிடைக்காதுன்னு சொல்றது நியாயம், அதை ஒத்துக்குறேன். ஆனா செத்த அன்னிக்கு அந்த ஒரு ஆக்சிஸை மட்டும் மாத்திக்கலாமே, இன்னிக்கு ஓடுறதை எதுக்கு கழட்டணும்.

காக்கிபுக்கிட், உங்க மெஷின்ல டிரைவ், மோட்டார், டாக்கோ மூணும் சேர்ந்து வேகத்தை பார்த்துக்கும். கண்ட்ரோல் பண்றது ரெண்டே வேலைதான், என்கோடரை படிக்கிறது, டிரைவுக்கு பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் அனுப்புறது (சில டிரைவ்ல உச்சம் 7 வோல்ட்தான், மேனுவல் பாருங்க). அந்த இடத்துல மேசா 7ஐ77 மாதிரி ஒரு கார்டு உட்கார்ந்துடும், ஆறு அனலாக் அவுட்புட், ஆறு என்கோடர் இன்புட், கூடவே 24 வோல்ட் இன்புட் அவுட்புட். மூணு ஆக்சிஸுக்கு மூணு அனலாக், நாலாவது உங்க ஸ்பிண்டில் இன்வெர்ட்டருக்கு. ஸ்பிண்டில்ல ஒரு என்கோடர் மாட்டிட்டா ஜி33.1 கட்டளையில ரிஜிட் டேப்பிங்கும் (ஸ்பிண்டில் சுத்துக்கு ஏத்த மாதிரி இசட் நகர்ந்து மரை போடுறது) போடலாம்.

லினக்ஸுக்கு பயப்படாதீங்க. லினக்ஸ்சிஎன்சி ஒண்ணும் நேத்து முளைச்ச பொழுதுபோக்கு சாஃப்ட்வேர் இல்ல, அமெரிக்காவுல நிஸ்ட்ங்கிற அரசாங்க அளவீட்டு நிறுவனத்துல 1990கள்ல ஈஎம்சின்னு ஆரம்பிச்சது, அப்புறம்தான் பேர் மாறுச்சு. பழைய பேரலல் போர்ட் வழியில பல்ஸை கம்ப்யூட்டரே அடிக்கணும், அதுக்கு பத்து இருபது மைக்ரோசெகண்ட் ஜிட்டருக்கே (நேரம் முன்ன பின்ன தடுமாறுறது) அழுவும். ஈதர்நெட் மேசா கார்டுல அந்த வேலையை கார்டுல இருக்கிற சிப்பே பார்த்துக்கும், கம்ப்யூட்டர் செகண்டுக்கு ஆயிரம் தடவை கணக்கு போட்டா போதும், ஆஃபீஸ்ல தூக்கி போட்ட இன்டெல் நெட்வொர்க் சிப் உள்ள பிசி தாராளம்.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணுங்க, செலவு ஒரு வெள்ளி கூட ஆகாது. கப்ளிங்கை லூஸ் பண்ணி மோட்டாரை ஸ்க்ரூவுல இருந்து பிரிச்சிடுங்க. டிரைவோட கமாண்ட் இன்புட்ல ஒரு சாதாரண 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு சுவிட்ச் வழியா கொடுங்க. 10 வோல்ட்டுக்கு 2000 ஆர்பிஎம்னா 1.5க்கு 300 சுத்தணும், பேட்டரியை திருப்பி வச்சா எதிர்ப்பக்கம் அதே வேகம், இன்புட்டை ஷார்ட் பண்ணா நிக்கணும். லேசா நகர்ந்தா அது ஆஃப்செட், டிரைவ்ல ஒரு சின்ன பாட் (ஸ்க்ரூடிரைவரால திருப்புற குமிழ்) இருக்கும் திருப்பிக்கலாம். வச்சதும் முழு வேகத்துல பறந்துச்சுன்னா டாக்கோ வயர் அறுந்திருக்கு, இல்ல தலைகீழா இருக்கு. கை எமர்ஜென்சி மேலயே இருக்கட்டும். இன்னொண்ணு, பல டிரைவுக்கு எனேபிள் சிக்னல் கொடுத்தாத்தான் கண்ணே திறக்கும், சும்மா இருக்குன்னு செத்துட்டதா முடிவு பண்ணிடாதீங்க.

காக்கிபுக்கிட்மில்:

அண்ணே, ப்ரோ, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. ஒன்பது நாள் ஆச்சு, வேலை முடிஞ்சு ராத்திரி ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன், வரிசையா சொல்றேன்.

5 வோல்ட் லைன் 4.58. ஏசியில பார்த்தா அரை வோல்ட் ஆட்டம். கப்பாசிட்டர் எட்டு மாத்தினேன், ரெண்டுக்கு அடியில ஒழுகி போர்டே பச்சையா இருந்துச்சு, மீன் நாத்தம். மாத்துனதும் 5.02, காலையில முதல் தடவையே உயிர் வருது! ஆனா சந்தோஷம் ஒரு நாள்தான், மெமரி போர்டு பாராமீட்டரை ஏத்துக்க மாட்டேங்குது, பேப்பரை பார்த்து நானூறு நம்பர் கையால அடிச்சேன், ஆஃப் பண்ணி போட்டா குப்பை. அந்த ஒழுகல் அங்க வரைக்கும் போயிருக்கு போல. அதனால கண்ட்ரோல் மாத்துறதுன்னு முடிவு.

பேக்லாஷ் எக்ஸ் 0.03, இசட் 0.02, ஒய் 0.11. எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு. அண்ணன் சொன்ன ஸ்டீல் பால் வித்தையை பண்ணா பால் நல்லாவே நகருது! லாக்நட்டை கையாலேயே கால் சுத்து திருப்ப முடிஞ்சுது. இறுக்கினப்புறம் 0.025. இதுக்கு புது பால் ஸ்க்ரூவும் மாத்தணும்னு அந்த கொட்டேஷன்ல ஒரு லைன் இருந்துச்சு, பேசாம வச்சுக்குறேன்.

பேட்டரி டெஸ்ட்: ஒய், இசட் ரெண்டும் அழகா சுத்துச்சு. எக்ஸ் மட்டும் விக்கி விக்கி ஓடுது, ஒரு சுத்துல ரெண்டு தடவை தடுக்கி விழற மாதிரி. மோட்டார் பின்மூடியை திறந்தா உள்ள முழுக்க கரித்தூள், டாக்கோ பிரஷ் ஒண்ணு அதுல புதைஞ்சு சிக்கி நிக்குது. வேக்கம்ல உறிஞ்சிட்டு கம்யூட்டேட்டரை துடைச்சேன், இப்ப பரவாயில்ல. கார்டு ஆர்டர் போட்டாச்சு, ஒன்பது சதவீத ஜிஎஸ்டியோட சேர்த்தும் தௌக்கே முகம் சுளிக்கல, அதுவே பெருசு.

பழையஇரும்பு:

காத்தடிக்காம வேக்கம் பண்ணுனியே, அது புத்திசாலித்தனம். காத்தடிச்சா அந்த கரி வைண்டிங்குக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) ஒண்ணு கடன் வாங்கி மூணு மோட்டாருக்கும் இன்சுலேஷனை பாரு, ஆனா டிரைவ் வயரை ரெண்டையும் கழட்டிட்டு, இல்லாட்டி டிரைவுக்கு நீயே கருமாதி பண்ண மாதிரி ஆயிடும்.

கார்டு வர்ற வரைக்கும் எமர்ஜென்சி சர்க்யூட்டை வரை. இது ஒண்ணுலதான் நான் கறாரா பேசுவேன். எமர்ஜென்சி பட்டனை கம்ப்யூட்டர் இன்புட்ல மட்டும் போட்டுட்டு சாஃப்ட்வேர் நிறுத்தும்னு விட்டுடாதே. பட்டன் அடிச்சா சேஃப்டி ரிலே விழணும், அது விழுந்தா டிரைவுக்கு கரண்ட் விடுற காண்டாக்டர் விழணும், இன்வெர்ட்டர் நிக்கணும், கம்ப்யூட்டர் தொங்கிப்போய் கிடந்தாலும் நடக்கணும். கம்ப்யூட்டருக்கு பட்டன் அடிச்சாச்சுன்னு தகவல் மட்டும் போகட்டும். அந்த காண்டாக்டர்ல ஒரு நார்மலி குளோஸ் வழியா மோட்டார் குறுக்க ஒரு பெரிய ரெசிஸ்டர் வந்திருக்கும், அது டைனமிக் பிரேக், கரண்ட் போனதும் சுத்துற மோட்டாரை சட்டுன்னு நிறுத்தும், தேவையில்லாத வயர்னு வெட்டிடாதே.

இசட்ல ஸ்பிரிங் பிரேக் இருக்குமே, கரண்ட் போனா பிடிக்கிறது. அந்த காயிலுக்கு குறுக்க எல்லாரும் பழக்கத்துல ஒரு டையோடு போடுவாங்க. அங்க வேணாம், டையோடு போட்டா காயில்ல இருக்கிற கரண்ட் மெதுவா சாகும், பிரேக் லேட்டா பிடிக்கும், அதுக்குள்ள ஹெட் கீழ இறங்கிடும். வோல்ட் எகிறினா மட்டும் கரண்டை விடுற வேரிஸ்டர் போடு. சுவிட்சை ரெக்டிஃபையருக்கு முன்னாடி ஏசி பக்கம் போடாம டிசி பக்கம் போடு.

மெயின் ஐசோலேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கையை வைக்கணும்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை கூப்பிடு, உனக்கு தெரிஞ்சாலும் சரி. ரிஸ்க் அசெஸ்மென்ட் பேப்பரையும் மாத்தி எழுத சொல்லு, மெஷின் மாறிடுச்சுல்ல.

ஸ்டெப்புல்ஸ்:

சரி தோத்துட்டேன் :) ஆனா என்கோடர் வயரை மாத்துங்க ப்ரோ, முப்பது வருஷ கேபிள், கூலண்ட்ல ஊறினது, மடக்குனா நொறுங்கும். ட்விஸ்டட் பேர் ஷீல்டு கேபிள், இன்வெர்ட்டர் கேபிள்ல இருந்து தள்ளி வேற டிரங்கிங்ல போகட்டும். என் மில்லுல பொசிஷன் தானா நகர்ந்து நகர்ந்து ரெண்டு ஜாப் ஸ்கிராப் ஆனது அதனாலதான்.

காக்கிபுக்கிட்மில்:

ஓடிடுச்சு!! சாரி, ராத்திரி ஒரு மணிக்கு யாருமே இல்லாத ஃபேக்டரியில கத்தினேன், இங்கேயும் கத்திக்குறேன்.

என்கோடர் 2500 லைன், நாலால பெருக்கி சுத்துக்கு 10,000, ஸ்க்ரூ 10 மிமீ, அப்ப மிமீக்கு ஆயிரம் கவுண்ட், ஒரு கவுண்ட் ஒரு மைக்ரான். ஸ்கேல்ல 1000ன்னு போட்டேன், கணக்கு இவ்வளவு சுத்தமா வந்ததை பார்த்து எங்கேயோ தப்பு பண்ணிட்டோமோன்னு சந்தேகமே வந்துச்சு. முதல் தடவை எனேபிள் பண்ணதும் எக்ஸ் பறந்துச்சு, ஃபாலோயிங் எரர்னு (சொன்ன இடத்துக்கும் இருக்கிற இடத்துக்கும் வித்தியாசம் ஜாஸ்தின்னு) சொல்லி தானே நின்னுடுச்சு, ஹால்ஸ்கோப் ப்ரோ ஏற்கனவே தனி மெசேஜ்ல சொல்லியிருந்தாரு என்கோடர் திசையும் கமாண்ட் திசையும் ஒத்துப்போகலைன்னா இப்படித்தான்னு, ஸ்கேலுக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டதும் பசு மாதிரி ஆயிடுச்சு. கப்ளிங் பிரிச்சு வச்சு டெஸ்ட் பண்ணதால உயிர் பிழைச்சேன். அப்புறம் மாட்டி 100 மிமீ போக சொல்லி கேஜ் பிளாக் வச்சு பார்த்தா 99.99.

இசட் பிரேக், அண்ணே உங்க காலை தொட்டு கும்பிடணும். ஹெட்டுக்கு கீழ டயல் வச்சு எமர்ஜென்சி அடிச்சேன், பழக்க தோஷத்துல நான் டையோடுதான் போட்டிருந்தேன், 1.3 மிமீ விழுது. கழட்டிட்டு வேரிஸ்டர் போட்டு திரும்ப அடிச்சா 0.2.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஒய் சும்மா நிக்கும்போது ம்ம்ம்னு மெல்லிசா ஒரு ரீங்காரம், ஸ்கிரீன்ல கடைசி இலக்கம் ஒண்ணு மேல ஒண்ணு கீழ துடிச்சிட்டே இருக்கு. எக்ஸ், இசட்ல இல்ல. தௌக்கே வந்து காதை வச்சு கேட்டுட்டு கொசு மாதிரி இருக்குன்னாரு.

ஹால்ஸ்கோப்:

அது ஒரு கவுண்டுக்கு சண்டை போடுது. முதல்ல டிரைவ் ஆஃப்செட் பாட்டை சரி பண்ணுங்க, கமாண்ட் சைபர்ல மோட்டார் அசையாம நிக்கிற வரைக்கும். அப்புறம் பிஐடியில (பொசிஷன் தப்பை திருத்துற கணக்கு) சேர்ந்துக்கிட்டே போற தப்பை திருத்துற ஐ மதிப்பை பாதியா குறைச்சு பாருங்க, வேகத்துக்கு ஏத்த கமாண்டை முன்கூட்டியே கொடுக்கிற எஃப்எஃப்1 சரியா இருந்தா ஐ அவ்வளவா தேவைப்படாது. அப்பவும் பாடுனா டெட்பேண்டை (இவ்வளவு தப்பு இருந்தா கண்டுக்காதேங்கிற அளவு) ஒண்ணரை கவுண்ட், அதாவது 0.0015ன்னு கொடுங்க. லாக்நட்டை இறுக்குனது ஒய்தானே? கொஞ்சம் ஜாஸ்தி இறுக்கியிருந்தாலும் இப்படி வரும், கையால ஸ்க்ரூவை சுத்தி எக்ஸோட ஒப்பிட்டு பாருங்க. ஸ்கோப் படம் ஒண்ணு எடுத்து போடுங்க, எரர் ஒண்ணு, கமாண்ட் ஒண்ணு, ரெண்டு செகண்டுக்கு போதும்.